முதல் சிரட்டை

என் தம்பியின் பெண்சாதி குணேஸ்வரி போன மாதம் செத்துப்போனாள். முப்பத்தோராம் நாளுக்கு அவளுடைய மகள் புஸ்பராணி ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறாள். முன்னால் படம், பின்னால் தேவாரம், நடுவில் வாழ்க்கை வரலாறு. "மாமி, அம்மாவைப் பற்றி உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும், நீங்களே எழுதித் தாங்கோ" என்று வந்து நின்றாள். எழுதிக் கொடுத்தேன். "மூலிகைக் கஞ்சியால் துறைமுகத் தொழிலாளர் பலரின் உடல்நலம் காத்த உத்தமி" என்று அவள் சொன்ன வரியையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அச்சகத்துக்குப் போய்விட்டது. அது பிள்ளையின் மனதுக்காக எழுதியது. இதை என் மனது ஆறாமல் எழுதுகிறேன்.

கடைசி எட்டு வருடமாகக் குணேஸ்வரி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சந்தையில் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மற்றப் பக்கம் போவாள். அவளுக்குச் சலரோகம் என்கிற நீரிழிவு. ஆஸ்பத்திரிக் குளிசையை ஒரு நேரம் தவறாமல், மணிக்கூட்டைப் பார்த்துப் போட்டாளாம் என்று புஸ்பராணி பெருமையாகச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது. பிள்ளையிடம் என்னத்தைச் சொல்ல?

நான் தையல்முத்து. பட்டினத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் அற்றென்டனாக வேலை பார்த்தவள். சட்டி தூக்கினேன், படுக்கை மாற்றினேன், செத்தவர்களைக் குளிப்பாட்டினேன். எனக்கு ஒரே தம்பி, குலசிங்கம். கப்பல் திருத்துகிற டொக்யாட்டில், கப்பலின் அடிப்பக்கத்துத் துருவைச் சுத்தியலால் தட்டிச் சுரண்டுகிற வேலை அவனுக்கு. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கண் இமையிலும் துருத்தூள் இருக்கும். ஐம்பத்திரண்டில் சாம்பல்தீவுக்காரி குணேஸ்வரியைக் கட்டி வைத்தோம். பெட்டை வாய்க்காரி. ஆனால் கையும் அப்படியே ஓடும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவளை நல்லாய்ப் பிடித்திருந்தது.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் டொக்யாட்டை ஒப்படைத்துவிட்டுப் போனான். ஊர் கொடியேற்றிச் சந்தோசப்பட்டது. ஆயிரக்கணக்கில் வேலை போனவர்களில் என் தம்பியும் ஒருவன். அப்போது புஸ்பராணி மூன்று வயதுப் பிள்ளை. இரண்டு வருடம் அவர்கள் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். தம்பி கூலிக்கு அலைந்தான். ஒரு நாள் தேயிலைப் பெட்டி ஏற்றினால் நாலு நாள் சும்மா. குணேஸ்வரி மரவள்ளிக் கிழங்கை அவித்து, அந்தத் தண்ணீரையும் ஊற்றாமல் வைத்திருப்பாள். நான் சம்பளத்தில் ஏதும் கொடுத்தால் வாங்குவாள். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஐம்பத்தொன்பதில் அவளுக்குக் கஞ்சி யோசனை வந்தது. இலைக்கஞ்சி எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவளைப்போல் காய்ச்ச ஒருவருக்கும் ஏலாது. வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, முல்லை, தூதுவளை, குறிஞ்சா, முசுமுசுக்கை, கொஞ்சம் முடக்கொத்தான். சீந்தில் தண்டைத் தட்டித் துணியில் முடிந்து பானைக்குள் விடுவாள். எல்லாம் வேலியிலும் வயல் வரம்பிலும் சும்மா கிடக்கிற இலைகள். இடித்துச் சாறு பிழிந்து, சிவப்புப் பச்சையரிசி குழைய வெந்த பிறகுதான் ஊற்றுவாள். "முந்தி ஊத்தினால் சத்து ஆவியாப் போயிடும் மச்சாள்" என்பாள். உள்ளி, மிளகு, சீரகம், கடைசியில் தேங்காய்ப்பால். பச்சைப் பசேல் என்று இருக்கும். கடித்துக் கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. முதல் பஸ்ஸில் பானையை ஏற்றிக்கொண்டு போய், துறைமுக வாசலில் சிரட்டையில் ஊற்றி விற்றாள். நானும் வேலைக்குப் போகிற வழியில் குடித்திருக்கிறேன். நல்ல கஞ்சி. அதை யார் இல்லையென்று சொன்னது?

தொடங்கி இரண்டு மாதத்தில் ஒரு நாள் முடக்கொத்தானைக் கூடப் போட்டுவிட்டாள். அது வயிற்றை இளக்கும். அன்றைக்குக் கஞ்சி குடித்த முப்பது பேரும் வேலையை விட்டுவிட்டுப் பற்றை மறைவுக்கு ஓடினார்கள். அடுத்த நாள் ஒருத்தனும் சிரட்டையைத் தொடவில்லை. பானை தளும்பத் தளும்ப இருந்தது. குணேஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "இஞ்சை பாருங்கோ! என்ரை மனிசன் முதல் சிரட்டை குடிப்பார். அரை மணித்தியாலம் பாத்திட்டு, அவர் ஓடாட்டில் நீங்கள் குடியுங்கோ." தம்பி வெட்கத்தில் சிரித்துக்கொண்டு குடித்தான். ஓடவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். பகிடியாகத்தான் தொடங்கியது. பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. விடிய ஆறரைக்குக் குலசிங்கம் வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க முதல் சிரட்டையைக் குடித்து, கவிழ்த்துக் காட்ட வேண்டும். "குலசிங்கம் குடிச்சாச்சு" என்று யாராவது சத்தம் போட்ட பிறகுதான் மற்றவர்கள் சிரட்டையை நீட்டுவார்கள். ஒரு நாள் அவன் எங்கள் பெரியப்பாவின் செத்தவீட்டுக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பாதிப் பானை மிஞ்சிவிட்டது. அதற்குப் பிறகு குணேஸ்வரி அவனை ஒரு நாளும் வராமல் நிற்க விட்டதில்லை.

இரண்டாவது சிரட்டை எப்போதும் அபூதாஹிருக்கு. கிண்ணியாவிலிருந்து வந்து வேலை செய்கிற மனிதர். அவரும் தம்பியும் ஒரே பார்ஜில், அந்தச் சரக்குப் படகின் ஒரே குழிக்குள் நின்று பெட்டி அடுக்குகிறவர்கள். ஒரு பீடியை இரண்டு பேரும் மாறி மாறி இழுப்பார்கள். நோன்பு மாதத்தில் அவருக்கு மட்டும் ஒரு போத்தல் கஞ்சியைப் பின்னேரம் தனியாகக் கொடுத்தனுப்புவாள் குணேஸ்வரி. அவளிடம் அந்தக் குணமும் இருந்தது. மறைக்கமாட்டேன்.

அவளுடைய வாய் அந்த நாட்களில் நன்றாக ஓடியது. "இதிலை இருக்கிற சத்து நோய் வருத்தத்தை வாசலிலேயே மறிச்சுப்போடும். என்ரை மனிசனைப் பாருங்கோ! ஒரு தடிமன் வந்திருக்கோ? ஒரு காய்ச்சல் வந்திருக்கோ?" ஆட்கள் தம்பியை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான், விசரன்.

அறுபத்துநாலில் ஞானசேகரம் வந்தார். துறைமுகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கொந்தராத்துக்காரர். தொண்ணூறு பேர் அவருக்குக் கீழே. கஞ்சி குடிக்கிறவர்கள் குறைவாக வருத்தம் சொல்கிறார்கள் என்று யாரோ அவருடைய காதில் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் வந்து நின்று பார்த்தார்.

"உன்ரை கஞ்சி குடிக்கிறவங்களுக்கு வருத்தம் வாறேல்லையாமே?"

"வராது ஐயா. அஞ்சு வருசமா என்ரை மனிசனே சாட்சி."

தொண்ணூறு பேருக்கும் தினம் கஞ்சி, செலவு அவருடையது. வருடத்துக்கு ஒரு முறை, சித்திரையில், கொந்தராத்தைப் புதுப்பிப்பார். குணேஸ்வரி அன்றைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் ஞானசேகரம் சும்மா கஞ்சி ஊற்றுகிற ஆளா? அதுவரை சுகமில்லாமல் வீட்டில் நின்றால் மாதத்தில் இரண்டு நாளுக்கு அரைச் சம்பளம் கொடுத்துவந்தார். அதை வெட்டினார். "கஞ்சி குடிச்சவனுக்குச் சுகமில்லையெண்டால் அது கள்ளம்" என்றார். காய்ச்சலோடு வீட்டில் நின்றவர்களின் பெயரை வெட்டிவிட்டு வேறு ஆள் எடுத்தார். அபூதாஹிர் சிரித்துக்கொண்டே சொன்னார். "குணேஸ்வரியக்கா, உங்கட கஞ்சி நல்ல கஞ்சிதான். எங்கட லீவையும் சேத்துக் குடிச்சுப்போட்டுது." அவள் கேளாதது மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அறுபத்தாறு மாரியில் தம்பிக்கு இருமல் தொடங்கியது.

முதல் ஒரு வருடம் எனக்குத் தெரியாது. அவர்கள் சாம்பல்தீவில், நான் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தம்பி மெலிந்திருந்தான். கேட்டால், வெயில் என்றான். அடுத்த முறை போனபோது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். என் தம்பி பிறந்த நாளிலிருந்து வெற்றிலை தொடாதவன்.

"எப்பவடா இதைப் பழகினனீ?"

"சும்மா அக்கா. வாய் கசக்குது."

பின்பக்கம் வேலியோரம் அவன் இருமுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? எழும்பிப் போனேன். துப்பினான். மணலில் சிவப்பு. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பிறகுதான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் வைத்தான். இரத்தத்தை மறைக்க வெற்றிலை!

நேரே குசினிக்குள் போனேன். குணேஸ்வரி அம்மியில் இலை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அவன் ரத்தம் துப்புறான், உனக்குத் தெரியுமோ?"

"மச்சாள், மெதுவாக் கதையுங்கோ. பக்கத்து வீட்டிலை ஆள் நிக்குது."

"வெற்றிலை ஆர் குடுத்தது?"

"நான்தான்" என்றாள். அரைப்பதை நிறுத்தவில்லை. கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆடாதோடையும் தூதுவளையும் அவிச்சு இரண்டு நேரம் குடுக்கிறன். முசுமுசுக்கையிலை அடை சுட்டுக் குடுக்கிறன். சளி இளகியிருக்கு மச்சாள், உண்மையா. இன்னும் கொஞ்ச நாளிலை நிண்டிடும்."

"நாளைக்கே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வா. ஊசி இருக்கு, குளிசை இருக்கு. ஒரு சதம் செலவில்லை. மாறுற வருத்தமடி இது!"

"கிளினிக் படியிலை இவர் ஏறினதை ஒருத்தன் கண்டால் காணும். அடுத்த நாள் பானை அப்பிடியே திரும்பி வரும். கொந்தராத்துப் போகும். கஞ்சிக்காரியின்ரை மனிசனுக்கே சயரோகமெண்டு ஊர் சிரிக்கும். பிறகு என்னத்தைத் தின்னுறது? உங்களுக்குக் கவுண்மேந்துச் சம்பளம். ஐம்பத்தேழிலை நாங்கள் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியாது."

சுருக்கென்று குத்தியது. ஏனென்றால் அது உண்மை. நான் பட்டினி கிடந்ததில்லை.

அப்போது நான் செய்ததையும் எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்ட இதை எழுதவில்லை. தம்பியின் சளியை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு போய், நிலாவெளிக் கந்தையா என்று ஒரு பொய்ப் பெயரில் சோதனைக்குக் கொடுத்தேன். கிருமி நிறைய இருக்கிறது என்று வந்தது. நெஞ்சுக் கிளினிக் டொக்டர் நல்ல மனிதர். அவரிடம் யாருக்கோ கேட்பதுபோல, இலைக்கஞ்சி குடித்தால் நிற்காதோ என்று கேட்டேன்.

"கஞ்சி நல்ல சாப்பாடு" என்றார். "அந்த இலைகளிலை இரும்புச்சத்து இருக்கு, விற்றமின் இருக்கு. வருத்தம் வராமல் உடம்பு எதிர்த்து நிக்க உதவும். குடிக்கட்டும். ஆனால் கிருமி சுவாசப்பையிலை குடியேறினாப் பிறகு கஞ்சி அதைக் கொல்லாது. ஊசியும் குளிசையும் வேணும், ஒண்டரை வருசம். எங்கை அந்தக் கந்தையா? அவரோடை இருக்கிற ஆக்களையும் பாக்கவேணும்."

அன்று பின்னேரமே சாம்பல்தீவுக்கு ஓடினேன். இரண்டும் சேர்த்துக் குடிக்கலாம், விடியக் கஞ்சி, பிறகு குளிசை என்று தலையால் நின்று சொன்னேன். தம்பி அவளைப் பார்த்தான். அவன் எப்போதும் அப்படித்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பான். குணேஸ்வரி யோசித்தாள். அது அறுபத்தெட்டுத் தை மாதம்.

"சித்திரையிலை கொந்தராத்துப் புதுப்பிக்கிறார். இந்த முறை இரண்டு வருசத்துக்கெண்டு சொல்லியிருக்கிறார். அது முடியட்டும். அண்டைக்கே நீங்கள் வாசலுக்கு வாங்கோ. அப்பிடியே கூட்டிக்கொண்டு போங்கோ. இவர் மேலிலை சத்தியமாச் சொல்லுறன், நான் மறிக்கமாட்டன்."

மூன்று மாதம். எனக்குத் தெரியும், அந்த நோய்க்கு மூன்று மாதம் என்றால் என்னவென்று. வார்டில் தினமும் பார்க்கிறவள். என்றாலும் ஓம் என்று சொன்னேன். டொக்டரிடம் கந்தையாவை ஊரில் காணவில்லை என்றேன். அந்த மூன்று மாதமும் விடிய விடிய என் தம்பி வாசலில் நின்றான். வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னர் மிளகும் தேனும் குழைத்துத் தொண்டைக்குள் வைத்து அனுப்புவாளாம், இருமல் எழும்பாமல் இருக்க. குடித்துக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து போய், தேயிலைக் கொட்டிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்று இருமுவான். அவனுடைய சிரட்டையை மட்டும் குணேஸ்வரி தனியாக, வேறு துணியில் சுற்றி வைத்திருந்தாள். அப்படியென்றால் அவளுக்கு எல்லாம் விளங்கித்தானே இருந்தது?

சித்திரையில் அந்த நாள் வந்தது. கிளினிக் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கே வாசலுக்குப் போய்விட்டேன். ஞானசேகரம் வெள்ளை வேட்டியோடு நின்றார். கூடவே கொழும்பிலிருந்து வந்த ஒரு கப்பல் கொம்பனி ஆள். தம்பி குடித்தான். சேட்டுக்குள் தோள் எலும்பு தெரிந்தது. கவிழ்த்துக் காட்டினான். "குலசிங்கம் குடிச்சாச்சு!"

"இவன்தான் சேர் எங்கடை சாட்சி" என்று ஞானசேகரம் வந்தவருக்குக் காட்டினார். "ஒன்பது வருசமா ஒரு நாள் வருத்தமில்லை. குலசிங்கம், சேருக்கு இன்னொண்டு குடிச்சுக் காட்டு."

குணேஸ்வரி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். அவன் இரண்டாவதையும் குடித்தான். கழுத்து நரம்பு விம்மி விம்மித் தணிந்தது. கண் சிவந்து தண்ணீர் முட்டியது. சிரட்டையைக் கவிழ்த்துச் சிரித்தான். ஆட்கள் கை தட்டினார்கள். ஞானசேகரம், "சரி, இரண்டு வருசம்" என்று சொல்லி அவனுடைய முதுகில் ஓங்கித் தட்டினார்.

வாசலிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு நூறு காலடி தூரம் கூட நடக்கவில்லை. கடற்கரைச் சுவரோரம் முழங்காலில் விழுந்தான். பச்சைக் கஞ்சியும் இரத்தமும் கலந்து என் வெள்ளைச் சீலையெல்லாம் தெறித்தது. பின்னால் குணேஸ்வரி துணியோடு ஓடிவந்தாள். வந்தவள் முதலில் அவனைத் தூக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, யாரும் கண்டார்களா என்று பார்த்தாள். பிறகுதான் குனிந்தாள். அந்த ஒரு திரும்பலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

வார்டில் டொக்டர் கேட்டார். "எவ்வளவு நாளா இருமல்?"

"ஒரு கிழமை, டொக்டர்" என்றாள் குணேஸ்வரி.

நான் பக்கத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் கந்தையாவின் கதையும் வெளியில் வரும், என் வேலையும் போகும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! ஊசி போட்டார்கள். ஒன்பது நாள் இருந்தான். அத்தனை நாளும் வாசலில் குணேஸ்வரி, நெஞ்சு நோ, ஒருவரையும் பார்க்க விடமாட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். ஏழாம் நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அக்கா, கொந்தராத்துச் சரிவந்திட்டுதோ?" என்று கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை. நாற்பது வயதுக்குள் அவ்வளவுதான் என் தம்பியின் சீவியம்.

செத்தவீட்டுக்கு வாசல் ஆட்கள் லொறியில் வந்து இறங்கினார்கள். அபூதாஹிர் குழந்தைபோல் தேம்பினார். குணேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டே, "மாரடைப்பு, மாரடைப்பு, நிண்ட நிலையிலை விழுந்திட்டாரே" என்று குழறினாள். அபூதாஹிர் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க ஆஸ்பத்திரி ஆள். மாரடைப்போ?"

பதின்மூன்று வயதுப் புஸ்பராணி என் மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே, ஓம் என்றேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்த அடுத்த விடியல் குணேஸ்வரி வாசலில் நின்றாள். முதல் சிரட்டையை அவளே குடித்தாள். ஆட்கள் கண் கலங்கி, அவளுக்குப் பிறகு குடித்தார்கள். மாரடைப்பு யாருக்கும் வரலாம், கஞ்சியில் பிழையில்லை என்றார்கள். இரண்டு வருடக் கொந்தராத்து ஐந்து வருடமானது. புஸ்பராணியை நல்லாய்ப் படிப்பித்தாள். நான் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். இருவரும் அந்தக் கதையைத் தொடவேயில்லை.

எழுபத்துமூன்றில் அரிசிக்குத் தட்டுப்பாடு. கஞ்சியில் சோறு குறைந்து இலைதான் மிச்சம். அந்த வருடம் ஆவணியில் நெஞ்சு வார்டில் ஒரு ஆளைக் கொண்டுவந்து போட்டார்கள். எலும்பும் தோலும். படுக்கை விரிக்கப் போனவள் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அபூதாஹிர்.

இரண்டு பக்கச் சுவாசப்பையும் போய்விட்டது, வைத்திருக்கலாம், குணப்படுத்த ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக இருமலாம். அவருடைய மனைவி ரபீக்கா கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்து, கட்டிலடியில் குந்தியிருந்தாள். கையில் ஒரு போத்தல். குணேஸ்வரியின் கஞ்சி.

"இரண்டு வருசமா ஏன் வரேல்லை?" என்று கேட்டேன். ஆத்திரத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"கஞ்சி குடிச்சன்தானே அக்கா" என்றார் அபூதாஹிர். மூச்சு வாங்கி வாங்கிக் கதைத்தார். "இருமல் வந்தவுடன ஒரு சிரட்டைய ரெண்டாக்கினன். குலசிங்கத்தப் பாருங்க, எனக்கிப் பக்கத்தில ஒன்பது வருசம் நிண்ட மனிசன். சளியெண்டு, இருமலெண்டு ஒரு நாள் சொன்னதில்ல. மாரடைப்பு வந்திராட்டி இப்பவும் இருப்பாரு. பின்ன நான் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கி வாற? லீவு போட்டா ஞானசேகரம் பேர வெட்டிருவாரு."

ரபீக்கா நடுவில் சொன்னாள். "புள்ளையளுக்கும் இதத்தான் குடுக்கிறன் ராத்தா. நாலு பேருக்கும் ஒரு மாசமா இருமல். கஞ்சி குடிச்சா நிண்டிரும்தானே?"

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாளே அந்த நாலு பிள்ளைகளையும் கிளினிக்குக்குக் கொண்டுவரச் செய்தேன். இரண்டு பேருக்கு நோய் இருந்தது. ஒன்றரை வருடம் குளிசை போட்டுச் சுகமானார்கள். இப்போது கலியாணம் கட்டிக் கிண்ணியாவில் இருக்கிறார்கள். கதை வாசலுக்குப் போனது. இருமிக்கொண்டிருந்த இன்னும் ஆறு பேர் வந்து காட்டினார்கள். கஞ்சிப் பானை திரும்பி வந்தது. ஞானசேகரம் ஒரு சொல்லில் கொந்தராத்தை முடித்தார். வெட்டிய அரைச் சம்பளத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. குணேஸ்வரி என் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே, "செத்தவனையும் நிம்மதியா இருக்க விடமாட்டியோடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முதல் தடவையாக என்னை டி போட்டாள். அதுதான் அவள் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

ஆனால் அந்தக் கட்டிலடியில் நின்றபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. ரபீக்காவின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தேன். நாலு பிள்ளைகள் என்ற சொல் காதுக்குள் நின்றது.

"குலசிங்கத்துக்கு மாரடைப்பில்லை" என்றேன். "அவனுக்கும் இதே வருத்தம்தான். ஒண்டரை வருசம் இருமினவன். ரத்தம் துப்பினவன். உங்களுக்குக் காட்டாமல் மறைச்சவன்."

ரபீக்கா வாயில் கையை வைத்தாள். அபூதாஹிர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. தலையைத் தூக்கிக் கேட்டார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"ஓம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் இருந்தார். ரபீக்கா பிள்ளைகளோடு கிண்ணியாவில். காலைக் கடமை எனக்குத்தான். நான் தண்ணீர்க் கோப்பையை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இரண்டு மணிக்கு மற்ற அற்றென்டன் வரும்வரை, உதடு வெடிக்க, தாகத்தோடு கிடப்பார்.